தாகத்தை நம்பாதே என்று சொன்னவர்கள்

"தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே காலம் கடந்துவிட்டது." ஜேர்மனியில் வாழும் என் மருமகனுக்கு, அதாவது தங்கையின் மூத்த மகனுக்கு, விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட தாளின் தலைப்பிலே இந்த வாக்கியம் தடித்த எழுத்தில் இருந்தது. அவன் அதனைத் தமிழில் சொன்னபோது நான் சிரித்தேன். பின்னர் அந்தத் தாள் முழுவதையும் வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கேட்டு முடிந்தபோது சிரிப்பு வரவில்லை.

அவன் வருகிற கோடையில் பிராங்பேர்ட்டில் தன் முதலாவது நெடுந்தூர ட்ரையத்லன் போட்டியில் இறங்குகிறான். லாங்கன் நகருக்கு அருகே உள்ள ஏரியில் 3.8 கிலோ மீற்றர் நீச்சல். ஏரியை விட்டு எழுந்து துவிச்சக்கர வண்டியில் 180 கிலோ மீற்றர். வண்டியை விட்டு இறங்கி மைன் ஆற்றங்கரையில் 42.2 கிலோ மீற்றர் மரதன் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். பதின்மூன்று மணித்தியாலத்தில் முடித்தால் போதும் என்பது அவனுடைய ஆசை. 1978இல் ஹவாயின் ஓஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த ஒரு விளையாட்டுப் பைத்தியம்தான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அந்த முதலாவது போட்டியில் இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, உதவிக்கு வந்தவர்கள் பியரைக் கொடுத்தார்கள் என்பது இவ்விளையாட்டின் புராணங்களில் ஒன்று. அன்று உணவுத் திட்டம் அவ்வளவுதான். இன்று அதற்கென்று ஒரு பெருந்தொழில் இருக்கிறது.

கடைக்காரர்களின் தாள் சொன்னது இதுதான். வண்டியில் செல்லும் ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். 120 கிராம் காபோவைதரேற்று உட்கொள்ள வேண்டும். உப்பு மாத்திரைகள் இரண்டு விழுங்க வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு தண்ணீர்ப்பந்தலிலும் இரண்டு கோப்பை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கீழே அவற்றுக்குத் தேவையான ஜெல்கள், பானப்பொடிகள், மாத்திரைகள் ஆகியவற்றின் பட்டியல். பயிற்சிக்கும் போட்டிக்குமாகச் சேர்த்துக் கூட்டினால் இருநூறு யூரோவுக்குச் சற்றுக் கீழே.

பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவன் உழைக்கிறான், செலவழிக்கிறான். கவலை அந்த ஒரு லீற்றரைப் பற்றியது.

"மாமா, நீங்கள் ஒரு கிலோ மீற்றர் ஓடுவியளோ?" என்று கேட்டான். ஓட மாட்டேன். நான் கலைப்பீடத்தில் படித்தவன். விஞ்ஞானம் க.பொ.த. சாதாரண தரத்தோடு என்னிடமிருந்து விடைபெற்றுக்கொண்டது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழில் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. யாராவது ஒரு வாக்கியத்தை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னால், அதை முதலில் சொன்னவர் யார், அதனால் பயன் பெற்றவர் யார் என்று தேடுவது.

நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ஓட்டத்தின்போது நீர் குடிப்பது ஒருகாலத்தில் பலவீனத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அது ஒரு மூடத்தனம். 1965இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தம் கால்பந்தாட்ட வீரர்களுக்காக உப்பும் சீனியும் கலந்த பானமொன்றைத் தயாரித்தார்கள். கேட்டரேட் என்று பெயர் பெற்றது அதுவே. நல்ல நோக்கம், நல்ல பானம். ஆனால் பானம் வியாபாரமாகி, வியாபாரம் விஞ்ஞானத்துக்குப் படியளக்கத் தொடங்கியபோது மூடத்தனம் மறுபக்கம் சாய்ந்தது. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டல், வியர்வையால் இழக்கும் நீர் முழுவதையும் ஈடுசெய்யுங்கள், அல்லது தாங்கக்கூடிய உச்ச அளவைக் குடியுங்கள் என்றது. மணித்தியாலத்துக்கு 600 முதல் 1200 மில்லி லீற்றர் வரை என்று அளவும் சொன்னது. இத்தகைய அமைப்புகளுக்கும் பான நிறுவனங்களுக்கும் இடையில் இருந்த பண உறவுகளை 2012இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான பிஎம்ஜே விரிவாக வெளிக்கொணர்ந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிரினங்களைக் காத்து வந்த தாகம் என்ற உணர்வை நம்பக்கூடாத ஒன்றாக ஆக்குவதில் யாருக்கு இலாபம் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அதன் விலை என்ன? 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் இளம்பெண் ஒருவர் இறந்தார். நீரின்மையால் அல்ல, அதிகமாகக் குடித்ததனால். இரத்தத்தில் சோடியம் செறிவு குறைந்து மூளை வீங்கியது. அதே போட்டியின் முடிவில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்பு மட்டத்துக்குக் கீழே இருந்தது. அவர்களை இனங்காட்டிய முதன்மையான அடையாளம் என்ன தெரியுமா? ஓடி முடித்தபோது ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட நிறை கூடியிருந்தமை. அவர்கள் குடித்தது வெறும் தண்ணீரா விளையாட்டுப் பானமா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து மெதுவாக ஓடியவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மருமகனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். முன்னணி வீரன் எட்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறான். அவன் பறக்கிறான், ஆறாக வியர்க்கிறான், குடிக்க நேரமும் இல்லை. முதன்முறை வருபவனோ பதின்மூன்று, பதினைந்து மணித்தியாலம் வழியில் இருக்கிறான். வியர்வை குறைவு, தண்ணீர்ப்பந்தல்கள் நிறைய, பந்தலில் நின்று ஆறுதலாகக் குடிக்க நேரமும் நிறைய. போதாக்குறைக்கு, நீண்ட உழைப்பின்போது சிறுநீரை அடக்கிவைக்கச் சொல்லும் ஹோர்மோன் உடலில் கூடுதலாகச் சுரக்கிறது. குடித்தது வெளியேறவும் வழி குறைவு. இப்படிப்பட்ட ஒருவனிடம் போய் முன்னணி வீரனின் அளவைக் கொடுப்பது ஆலோசனையா?

பிராங்பேர்ட் போட்டியிலும் இது நடந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு யூலையில் வெப்பம் 39 பாகை செல்சியசை அண்டியிருந்த நாளில் பங்குபற்றிய பிரித்தானியர் ஒருவர் பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். சோடியம் குறைந்து மூளை வீங்கியதே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. பல செய்தித்தாள்கள் இதனை 'உப்புப் பற்றாக்குறை' என்று தலைப்பிட்டன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த தவறு அது. உப்பு மாத்திரை விற்பவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. இந்நோயின் முதற்காரணம் உப்பு போதாமை அல்ல, நீர் மிகுதி. அளவுக்கு மிஞ்சிக் குடிப்பவனை உப்பு மாத்திரை காப்பாற்றாது. அதே 2015இன் பெப்ரவரியில் கலிபோர்னியாவில் கூடிய நிபுணர் மாநாடு, தாகத்துக்குக் குடியுங்கள் என்றே பரிந்துரைத்தது. தென்னாபிரிக்க மருத்துவர் ரிம் நோக்ஸ் 1985இலேயே இவ்வாபத்தைப் பதிவு செய்திருந்தார். (அவருடைய பிற்கால உணவுக் கொள்கைகளை நான் ஏற்பவன் அல்லன். ஆயினும் இந்த விடயத்தில் அவருடைய கட்சி வென்றது.)

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடும் வெயிலில் மிக அதிகமாக வியர்ப்பவர்களுக்குத் தாகம் மட்டும் போதாது, முன்கூட்டிய திட்டம் வேண்டும் என்று வாதிடும் நேர்மையான ஆய்வாளர்கள் உள்ளனர். இருக்கட்டும். ஆனால் அத்திட்டம் அவரவர் வியர்வையை அளந்து வரவேண்டும், கடையின் தாளிலிருந்து அல்ல. அதற்குத் தேவையான கருவி குளியலறைத் தராசு. ஒரு மணித்தியாலம் வண்டி ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடையின்றி நிறுத்துப் பார். குறைந்த நிறையோடு இடையில் குடித்ததைக் கூட்டு. ஒரு கிலோ ஒரு லீற்றர். மருமகன் செய்து பார்த்தான். மிதமான வெயிலில் அவனுடைய வியர்வை 700 மில்லி லீற்றர். தாள் சொன்னதோ ஒரு லீற்றர். மணித்தியாலத்துக்கு 300 மில்லி லீற்றர் மிகுதி. பன்னிரண்டு மணித்தியாலத்தால் பெருக்கிப் பார்க்கும்படி சொன்னேன். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் சத்தம் இல்லை.

இனி உணவுக்கு வருவோம். இங்கே ஆபத்து எதிர்த்திசையிலும் உண்டு. 1995 ஒக்டோபரில் ஹவாயில், அதற்கு முன் ஏழு தடவை வென்றிருந்த போலா நியூபி-பிரேசர் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் துரத்தி வந்தவருக்கு அஞ்சிக் கடைசித் தண்ணீர்ப்பந்தல்களில் நிற்காமல் ஓடினார். முடிவுக்கோடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் விழுந்தார். இருபது நிமிடங்கள் வீதியில் கிடந்து, எழுந்து, வெறுங்காலோடு நடந்து நான்காவதாக வந்தார். அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே அந்த நிலை. ஆகவே உண்ணாமல் முடியாது.

கணக்கு மிக எளிது. உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து, தசையிலும் ஈரலிலுமாக, ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதாவது 2000 கலோரிக்கு உட்பட்டது. இப்போட்டி எரிப்பதோ அதைப் போலப் பல மடங்கு. மிச்சத்தைக் கொழுப்புக் கொடுக்கும். மெதுவாகப் போனால் கூடுதலாகக் கொடுக்கும். இழந்தது முழுவதையும் வழியில் உண்டு நிரப்ப எவராலும் இயலாது, ஏனெனில் குடலின் வாசல் குறுகியது. குளுக்கோஸ் ஒரு வாசலால் நுழைகிறது. மணித்தியாலத்துக்கு 60 கிராமுக்கு மேல் அது விடாது. பிரக்டோசுக்கு வேறொரு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராம் வரை போகலாம் என்பதை 2000களில் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அஸ்கர் ஜூக்கென்ட்ரப் குழுவினர் காட்டினார்கள். இன்று முன்னணி வீரர்கள் 120 கிராம் வரை எடுக்கிறார்கள். மாதக்கணக்கில் வயிற்றைப் பழக்கிய பிறகு. பழக்காத வயிற்றில் அதைக் கொட்டினால் தங்குவது வயிற்றில்தான். உழைக்கும்போது இரத்தம் குடலை விட்டுக் கால்களுக்குப் போய்விடுகிறது. வெயிலில் தோலுக்கும் போகிறது. தேங்கிய சீனி நீரை உள்ளிழுக்கிறது. பிறகு நடப்பதை விவரிக்கத் தேவையில்லை. மருமகன் பயிற்சியின்போது வீதியோரத்தில் இருமுறை அனுபவித்திருக்கிறான்.

குளுக்கோசும் பிரக்டோசும் கலந்த அந்த அற்புதப் பொருள் எது? கடைத் தாளில் அதற்கு நீண்ட பெயர் இருந்தது. என் வீட்டுக் குசினியில் அதற்குப் பெயர் சீனி. சாதாரண வெள்ளைச் சீனியின் மூலக்கூறு பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். மட்டமாக அளந்த ஐந்து மேசைக்கரண்டி ஏறத்தாழ 60 கிராம். 750 மில்லி லீற்றர்ப் போத்தலில் கரைத்தால் நூற்றுக்கு எட்டு. அதில் கால் தேக்கரண்டி உப்பு, சுமார் 550 மில்லிகிராம் சோடியம். தேசிக்காய் பிழிந்துகொள்ளலாம். வண்டியில் ஏழு மணித்தியாலம் என்றால் 420 கிராம் சீனி. அதையே ஜெல்லாக வாங்கினால் 25 கிராம் கொண்டவை பதினேழு. ஒரு கிலோ சீனியின் விலை ஏறக்குறைய ஒரு ஜெல்லின் விலை.

ஜெல் வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. சட்டைப்பையில் வைக்கலாம், பல்லால் கிழிக்கலாம், ஓடும்போது வசதி. வசதிக்குப் பணம் கொடுப்பது வேறு. அறியாமைக்குப் பணம் கொடுப்பது வேறு.

இந்தச் சீனி உப்புக் கணக்கு எனக்குப் புதிதல்ல. அதே 1995 ஒக்டோபரின் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நான் அப்போது இளம் நிருபன். சில நாட்களின் பின் சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் வகுப்பறையில் வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளுக்கு நடுவே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொண்டிருந்தார். சீனி அன்று தங்கம். தாயொருத்தி கூடப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். "கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை அம்மா" என்று கரண்டியின் மேற்புறத்தை விரலால் வழித்து மட்டமாக்கினார். பின்னாளில்தான் அறிந்தேன், குடலின் அந்த வாசல் குளுக்கோசையும் சோடியத்தையும் கைகோத்து உள்ளே விடுகிறது, நீரும் அவற்றோடு போகிறது என்பதை. 1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமில், நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதை நம்பி வாயால் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்குக் கீழே இறங்கியது. நாம் அறிந்த ஜீவனிப் பக்கெற் அந்த வழி வந்ததே. ஜீவனியில் சீனிச்சத்து மிகக் குறைவு, அது நீரிழப்புக்கான மருந்து. போட்டியாளனுக்கு வேண்டியது சக்தி. இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனால் வாசல் ஒன்றுதான். அகதி முகாமில் இலவசமாக நிரூபிக்கப்பட்ட ஓர் உண்மையை இருபதில் ஒரு பங்கு பெறுமதியுள்ள பொருளில் அடைத்து இரகசியம் என்று விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

எரிச்சல் நம்மவர்மீதும் உண்டு. மருமகன் போட்டிக்குப் போகும் செய்தி பரவியதும் வட்சப்பில் ஆலோசனைகள் குவிந்தன. குரக்கன் கூழ் குடித்தவன் தமிழன், அவனுக்கு ஜெல் எதற்கு என்றார் ஒருவர். முதல் நாள் இரவு உளுத்தங்களியும் எள்ளுருண்டையும் என்றார் இன்னொருவர். என் தங்கை சிவப்பரிசிமாப் புட்டும் முருங்கையிலை வறையும் அவித்து எடுத்துக்கொண்டு பிராங்பேர்ட் போகத் தயாராக இருந்தாள். இவை யாவும் நல்ல உணவுகள். அதனால்தான் அன்று ஆகாதவை. நார்ப்பொருள், கொழுப்பு, பருப்பு, காரம் எல்லாம் வயிற்றில் தங்கி ஆறுதலாகச் செரிப்பவை. முதல் நாளும் அன்று காலையும் வேண்டியது டொக்டர்கள் வழக்கமாகத் திட்டும் உணவு: வெள்ளைச் சோறு, வெள்ளைப் பாண், ஜாம், கதலி வாழைப்பழம். அதுவும் நீச்சலுக்கு மூன்று மணித்தியாலம் முன்பாக. பழம்பெருமைக்குக் குடலின் வாசல் திறப்பதில்லை.

நீரிழிவோ இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இந்தச் சீனிக் கணக்கையும் உப்புக் கணக்கையும் தம் வைத்தியரிடம் காட்டாமல் தொடக்கூடாது.

நாங்கள் இருவரும் கடைத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினோம். ஏரியை விட்டு எழுந்ததும் கால்மணி நேரம் எதுவும் இல்லை. விழுங்கிய ஏரிநீர் அடங்கட்டும். பிறகு வண்டியில்தான் உண்ண வேண்டும், உடல் அசையாதிருப்பது அங்கேதான். மணித்தியாலத்துக்கு 60 கிராம், போத்தலில் பாதி, வாழைப்பழமும் ஜெல்லுமாகப் பாதி. அதற்கு மேல் தாகத்துக்குத் தண்ணீர். ஓட்டத்தில் வயிறு ஏற்றால் 40 கிராம், கடைசி மணித்தியாலங்களில் பந்தலில் கிடைக்கும் கோலா. வயிறு குலுங்கினால் வேகத்தைக் குறை, சாப்பாட்டை நிறுத்திப் பார், மேலும் ஊற்றாதே. தலையிடியும் வாந்தியும் கைவிரல்கள் வீங்குவதும் தெரிந்தால் 'நீர் போதவில்லை' என்று நீயாக முடிவு செய்து குடிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போ. அன்றைய வெப்பம் ஏறினால் கனவில் கண்ட நேரத்தை மறந்துவிடு. 2019இல் அதே பிராங்பேர்ட்டில், அதே வெயிலில், முன்னணியில் வந்த சேரா ட்ரூ முடிவுக்கு ஒரு கிலோ மீற்றருக்கும் குறைவான தூரத்தில் தள்ளாடி விழுந்தார் என்பதையும் சொன்னேன்.

ஆறு வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் இதைப் பழகுகிறான். சென்ற ஞாயிறு ஆறு மணித்தியாலம் வண்டி, ஒரு மணித்தியாலம் ஓட்டம். நிறை 1.4 கிலோ குறைந்திருந்தது. வாந்தி இல்லை. ஆனால் ஐந்தாவது மணித்தியாலத்துக்குப் பின் இனிப்பின் முகத்தில் முழிக்க முடியவில்லையாம். அதனால் அவித்து உப்புப் போட்ட உருளைக்கிழங்குத் துண்டுகள் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. அவனே கண்டுபிடித்தது.

தங்கை நேற்றும் அழைத்தாள். "அண்ணை, புட்டு வேண்டாமெண்டால் இடியப்பமாவது குடுக்கலாமோ?" வெள்ளை மா இடியப்பம் என்றால் முதல் நாள் மதியம் கொடுக்கலாம், சம்பலும் தேங்காய்ப்பாற் சொதியும் மட்டும் வேண்டாம் என்றேன். சம்பலும் சொதியும் இல்லாமல் இடியப்பத்தை எப்படித் தின்பது என்று அவள் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.